விக்டோரியாவைத் தாண்டாத வகுப்பு

“இலக்கிய வரலாறு பேப்பரை எனக்குக் குடுங்க சார்.”

பிரின்சிபலிடம் கேட்டேவிட்டேன். பக்கத்து மேஜையில் பால் ஊற்றாத கட்டன்சாயா குடித்துக்கொண்டிருந்த பழனிச்சாமி சாருக்குப் புரையேறியது. அவர் எங்கள் டுட்டோரியலில் பொருளாதாரம் எடுப்பவர். நான் வேலைக்குச் சேர்ந்த அன்றைக்கே மாடிப்படி ஓரமாக நிறுத்தி எனக்கு அறிவுரை சொன்னவரும் அவர்தான். “இந்தா பாரு பூமாரி, சம்பளம் கூட்டிக் கேளு. லீவு கேளு. ஒழுகாத கிளாஸ் ரூம் கேளு. ஒண்ணும் கிடைக்காது, ஆனா கேக்கலாம். இலக்கிய வரலாறை மட்டும் கேட்டுராதே. அது பிரின்சிபலோட சொத்து. அவரு வீட்டம்மாவைக் கேட்டாக்கூட...” என்று ஆரம்பித்து, எதிரே நிற்பது ஒரு பெண் என்பது ஞாபகம் வந்து, வாயைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார்.

வண்டிப்பெரியார் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, பலசரக்குக் கடையின் மாடியில் எங்கள் டுட்டோரியல். காலேஜில் இடம் கிடைக்காதவர்களும், வேலை பார்த்துக்கொண்டே பிரைவேட்டாகப் பரீட்சை எழுதுபவர்களும் அங்கே படித்தார்கள். முக்கால்வாசிப் பேர் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகள். பிரின்சிபல் பொன்ராஜ் சார் ஒரு எஸ்டேட் ஹெட் கிளார்க்கின் மகன். எம்.ஏ. அந்த இரண்டு எழுத்தும் வாசல் போர்டில் அவர் பெயரைவிடப் பெரிதாக இருக்கும்.

ஒன்பது வருஷமாக பி.ஏ. இரண்டாம் வருஷத்துக்கு ஆங்கில இலக்கிய வரலாறை அவர்தான் எடுத்தார். எடுத்தார் என்றால், வாசித்தார். காலையில் பத்து மணிக்கு அவர் குரல் கிளம்பினால் கமா, செமிகோலன் உட்பட எல்லாம் கீழே பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் விழும். கேட்டுக் கேட்டு கண்டக்டர்களுக்கே காலங்கள் மனப்பாடம். “ஆங்கிலோ சாக்ஸன், நார்மன், எலிசபெத், பியூரிட்டன், ரெஸ்டொரேஷன்... எறங்கு எறங்கு, விக்டோரியாதான் கடைசி ஸ்டாப்பு” என்று குமுளி பஸ்ஸில் ஒருத்தர் கூவிக்கொண்டிருப்பார். கேலி என்றாலும் உண்மை. ஒன்பது வருஷத்தில் பொன்ராஜ் சார் விக்டோரியாவைத் தாண்டியதில்லை. அதற்குள் பரீட்சை வந்துவிடும். இருபதாம் நூற்றாண்டில் முக்கால் பங்கு முடிந்து நாங்கள் அதற்குள்ளேயே உட்கார்ந்திருந்தோம். எங்கள் டுட்டோரியலுக்கு மட்டும் அது இன்னும் பிறக்கவில்லை.

பிள்ளைகள் மற்ற பேப்பரில் எல்லாம் தத்தித் தத்திக் கரையேறி, இந்த ஒரு பேப்பரில் வந்து விழுந்தார்கள். விழுந்தவர்கள் திரும்ப கொழுந்துக் கூடையைத் தூக்கினார்கள். எனக்குப் பொறுக்கவில்லை. எங்கள் எஸ்டேட் டிவிஷனில் பெயருக்குப் பின்னால் பட்டம் போட்ட முதல் ஆள் நான். மதுரையில் ஹாஸ்டலில் கிடந்து மூன்று வருஷம் படித்தது இந்த இலக்கியத்தைத்தான். ஆனால் எனக்கு இங்கே கொடுத்தது ப்ரீ-டிகிரிக்கு கிராமர். அவன் போகிறான், அவர்கள் போகிறார்கள், அவள் போய்க்கொண்டிருக்கிறாள். எல்லாரும் எங்கேயோ போய்க்கொண்டிருந்தார்கள், நான் மட்டும் அந்த ஒழுகுகிற அறையில் நின்றுகொண்டிருந்தேன்.

கேட்கிறதற்கு நல்ல நேரம் அதுதான். இடுக்கி தனி ஜில்லா ஆன பிறகு வந்த மூன்றாவது மழைக்காலம். சாரல் விடாமல் அடித்ததில் பொன்ராஜ் சாருக்குத் தொண்டை சுத்தமாகக் கட்டிவிட்டது. மூன்று நாளாக பி.ஏ. வகுப்பு சும்மா உட்கார்ந்திருந்தது.

நான் கேட்டதற்கு அவர் உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை. கழுத்தில் மஃப்ளர், கையில் மிளகு போட்ட வெந்நீர். பழனிச்சாமி சார் எழுந்து போய் அவர் வாயருகே காதை வைத்தார்.

“முடியாதுங்காரு,” என்றார் பழனிச்சாமி சார்.

“ஏன் முடியாதுன்னு கேளுங்க.”

“எனக்குக் காது நல்லாத்தான் கேக்குதுங்காரு. நீ நேராப் பேசலாமாம்.” மறுபடி குனிந்தார். “உனக்கு என்ன வயசுங்காரு.”

“இருபத்திரண்டு.”

“இந்த நோட்ஸ் நான் எம்.ஏ. படிக்கும்போது ராத்திரி பகலா எழுதினது, அதுக்கு ஒரு மரியாதை இருக்குங்காரு.”

“அப்ப அந்த நோட்ஸே எந்திரிச்சுக் கிளாஸ் எடுக்கட்டும் சார்.”

பழனிச்சாமி சார் என்னைப் பார்த்துக் கண்ணை உருட்டினார். பொன்ராஜ் சார் சிரித்துவிட்டார். அவர் கெட்டவர் இல்லை. அதுதான் எனக்கு அவரிடம் பெரிய தொந்தரவு. சிரித்ததில் இருமல் வந்து, இருமலில் கண்ணீர் வந்து, கடைசியில் விரலை ஆட்டி நிபந்தனை போட்டார்.

“ஒரு வாரம், தொண்டை திறக்கற வரைக்குமாம். நோட்ஸை அப்படியே வாசிக்கணுமாம். கமா மாறப்படாதாம்.”

“சனிக்கிழமை டெஸ்ட் வச்சு, பிள்ளைக நல்லா எழுதினா பேப்பர் எனக்குத்தானே?”

பழனிச்சாமி சார் கொஞ்ச நேரம் குனிந்தபடியே இருந்தார். “சரிங்காரு,” என்றார். பிறகு நிமிர்ந்து, “நிசமாத்தான் சரிங்காரு. நான் சேர்த்துச் சொல்லலை,” என்றார்.

மறுநாள் நோட்ஸோடு போய் நின்றேன். பியூரிட்டன் காலத்தின் கடைசிப் பக்கம். வாசித்தேன். தகரக் கூரையில் மழை. எதிரே எல்லாக் கையும் எழுதிக்கொண்டே இருந்தது. ஒரு தலையும் நிமிரவில்லை. எனக்குக் கை ஊறியது. கமாவைத்தானே மாற்றக் கூடாது, கேள்வி கேட்கக் கூடாது என்று அவர் சொல்லவில்லையே.

“ஆயிரத்து அறுநூத்து அறுபதுல என்ன நடந்துச்சு?”

பெரியமுத்து எழுந்தான். ஃபேக்டரியில் ராத்திரி ஷிஃப்ட் முடித்து நேராக வகுப்புக்கு வருகிறவன். அவன் உட்கார்ந்த பெஞ்சில் எப்போதும் தேயிலைத் தூள் வாசனை. “பியூரிட்டன் காலம் முடிஞ்சுச்சு டீச்சர். ராஜா திரும்பி வந்தாரு. ரெஸ்டொரேஷன் காலம் தொடங்குச்சு.”

“சரி. பியூரிட்டன் காலத்துல எழுதிக்கிட்டு இருந்தவங்க என்ன ஆனாங்க?”

“போயிட்டாக.”

“எங்க போனாங்க?”

“அது நோட்ஸ்ல இல்ல டீச்சர். கணக்கு முடிச்சு, குவார்ட்டர்ஸ் காலி பண்ணி, ஊர் பக்கம் போயிருப்பாக.”

கிண்டல் செய்கிறானோ என்று பார்த்தேன். யாரும் சிரிக்கவில்லை. முன் பெஞ்சில் இருந்த குருவம்மாள் அவனுக்கு ஒத்தாசைக்கு வந்தாள். கைக்குழந்தைகளை விட்டுப்போகிற எஸ்டேட் பிள்ளை மடுவத்தில் ஆயாவாக இருந்துகொண்டு, போன வருஷம் இதே பேப்பரில் விழுந்து, மறுபடி எழுத வந்தவள். “புது துரை வந்துட்டா பழைய துரையோட ஆளுக எப்படி டீச்சர் இருக்க முடியும்? ஞாயித்துக்கிழமை லாரியில பெட்டி ஏறிரும்ல. திங்கக்கிழமை பேர் கூப்பிடுற மஸ்டர்ல எல்லாம் புதுசு.”

சுற்றி எல்லாத் தலையும் ஆமாம் போட்டது.

எனக்குப் புரிந்த உடனே சிரிப்பு வந்துவிட்டது. நாற்காலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். தப்பே சொல்ல முடியாது. எங்கள் லயங்களில், அந்தக் கூலி வரிசை வீடுகளில், யாரும் வருஷக் கணக்குச் சொல்வதில்லை. எஸ்டேட் மேனேஜராக வருகிற துரைகளின் கணக்குத்தான். நான் பிறந்தது குதிரைத் துரை காலத்தில். என் தங்கச்சி, செடியை ஸ்கேல் வைத்து அளந்து வெட்டச் சொன்ன ஸ்கேல் துரை வந்த மழையில். துரை மாறினால் பட்லர், கிளார்க்கு, கங்காணி முதற்கொண்டு மாறும். கூடை நிறுக்கிற முறைகூட மாறும். இந்தப் பிள்ளைகளிடம் போய் எலிசபெத் காலம், விக்டோரியா காலம் என்று ஒன்பது வருஷம் செமிகோலனோடு வாசித்தால் வேறு என்ன நினைப்பார்கள்? காலம் முடிந்தது, கவிஞர்கள் பெட்டி கட்டினார்கள்.

சிரிப்பு அடங்கினதும் கோபம் வந்தது. ஒன்பது வருஷத்தில் ஒரு தடவைகூட இவர்களைக் கேட்க ஒருவருக்கும் தோன்றவில்லையே.

நோட்ஸை மூடி ஜன்னல் கட்டையில் வைத்தேன். “பேனாவைக் கீழ வைங்க. பியூரிட்டன் காலத்துலயே பெரிய கவிஞர் ஒருத்தர். ராஜா திரும்பி வந்தாரு. இவருக்கு அதுக்கு முன்னாடியே கண்ணும் போயிருந்துச்சு. கொஞ்ச நாள் ஜெயில்லயும் வச்சாங்க. ஆனா அவரு பெட்டி கட்டலை. உக்காந்து, ஆளுகளை விட்டு எழுதச் சொல்லி, தன்னோட பெரிய காவியத்தை புது ராஜா காலத்துலதான் வெளியிட்டாரு.”

“துரைக்குத் தெரியாமலா?” என்றான் பெரியமுத்து.

“தெரிஞ்சேதான்.”

“ஆத்தாடி,” என்றாள் குருவம்மாள். முதல் தடவையாக வகுப்பில் ஒருத்தர் கன்னத்தில் கை வைத்து ஆங்கில இலக்கியத்தைப் பார்த்தார்.

அப்புறம் என்னை யார் பிடிக்க முடியும்? முதலிலிருந்து ஆரம்பித்தேன். தோட்டம் வருவதற்கு முன்னால் இந்த மலை எப்படி இருந்தது என்று கேட்டேன். காடு, யானை, ராத்திரியில் தீ மூட்டி உட்கார்ந்து பயத்துக்குப் பாடுகிற பாட்டு. அதுதான் ஆங்கிலோ சாக்ஸன் காலம், பயத்தையும் சண்டையையும் பாடினவர்கள் என்றேன். அடுத்து நார்மன்கள் வந்தார்கள். இங்கேதான் வகுப்பு தலைகீழாகப் புரண்டது.

“ஆயிரத்து அறுபத்தாறுல பிரான்ஸ் பக்கத்துலேர்ந்து ஆளுங்க வந்து இங்கிலாந்தைப் பிடிச்சிட்டாங்க. அதுக்கப்புறம் முந்நூறு வருஷம் அரண்மனையில பிரெஞ்சு. கோயில்லயும் படிப்புலயும் லத்தீன். இங்கிலீஷ் யார் பேசினா? ஏர் உழுதவன், மாடு மேய்ச்சவன், சமையக்கட்டுல பாத்திரம் விளக்கினவ.”

குருவம்மாள் யோசித்தாள். “நம்ம தோட்டம் மாதிரி. பங்களாவுல இங்கிலீஷ். ஆபீஸ்ல மலையாளம். லயத்துல தமிழு.”

“அதேதான்.”

“அப்ப இங்கிலீஷு, முந்நூறு வருஷம் லயத்துப் பேச்சா டீச்சர்?”

“லயத்துப் பேச்சுதான்.”

பெரியமுத்து மெதுவாக, “இதை நம்ம கண்டக்டர் ஐயாகிட்ட சொல்லணுமே. என் இங்கிலீஷைப் பார்த்து மூக்கைப் பொத்துதாரு,” என்றான். வகுப்பே வெடித்தது. கீழே பலசரக்குக் கடையிலிருந்து என்ன ஆச்சு என்று ஆள் அனுப்பிக் கேட்டார்கள். அவன் சொன்னது பஸ் கண்டக்டரை இல்லை. தோட்டத்தில் வேலை ஏவுகிற ஃபீல்டு கண்டக்டரை.

அந்த வாரம் முழுக்க இப்படித்தான். பியூரிட்டன் காலத்தை விளக்க எனக்கு ஒரு பேர் போதும்: “கண்ணாடித் துரை.” மாரியம்மன் கொடைத் திருவிழாவுக்கு மேளமும் ஆட்டமும் கூடாது என்று தடுத்து, சாமியை மட்டும் கும்பிட்டுவிட்டுப் போகச் சொன்ன மனுஷன் அவர். அங்கே நாடகக் கொட்டகைகளைப் பூட்டினார்கள், இங்கே தப்பு மேளங்களைப் பிடுங்கி ஸ்டோரில் பூட்டினார்கள். அவருக்கு அப்புறம் குதிரைத் துரை வந்து கொடையில் தானே இறங்கி ஆடினதை என் அம்மா ராமுத்தாய் இன்னும் ஆடிக் காட்டுவாள். நானும் கொஞ்சம் ஆடிக் காட்டினேன். ரெஸ்டொரேஷன் காலத்தின் கூத்தையும் கும்மாளத்தையும் யாருக்கும் அதற்கு மேல் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

பதினெட்டாம் நூற்றாண்டுக்குக் கவாத்து. தேயிலைச் செடியை இடுப்பளவுக்கு மேல் வளரவிடாமல், ஒரே மட்டமாக வெட்டுகிறோமே, அப்படி அளந்து வெட்டின ஈரடிகள். எல்லா வரியும் ஒரே உயரம். பார்க்க அழகு, பறிக்கச் சுலபம். “அப்புறம் ரொமான்டிக் காலம். பதினாறாம் நம்பர் காட்டுக்குக் கீழ, ஓடைப் பக்கம் கவாத்துக்கு எட்டாம விட்ட தேயிலை எப்படி நிக்குது?”

“மரமா நிக்குது டீச்சர். பூவெல்லாம் பூத்து.”

“தேயிலை மரம்தான். நாமதான் செடியாக்கி வச்சிருக்கோம். சிலருக்கு அது பொறுக்கலை. எங்களை வெட்டாம விடுன்னு எழுத ஆரம்பிச்சாங்க.”

“ஆனா ஸ்கேல் துரை காலத்துலயும் அந்த மரம் அங்கதான் நின்னுச்சு,” என்றாள் குருவம்மாள். “அப்ப காலம் மாறுறது மஸ்டர் மாதிரி இல்ல. பழசும் புதுசும் ஒரே மலையில ஒண்ணாத்தான் நிக்கும்.”

மூன்று வருஷம் மதுரையில் நான் படித்துப் பிடித்ததை இவள் ஒரு ஓடைப் பக்கத்தில் பிடித்துவிட்டாள். அடுத்த காலமான விக்டோரியாவுக்கு ஃபேக்டரிப் புகையும் சங்கும், தடித் தடி நாவல்களும். வெள்ளிக்கிழமை அதையும் முடித்தேன். “டீச்சர், அதுக்கு அப்புறம்?” என்றான் பெரியமுத்து. “அதுக்கு அப்புறம் என்ன நடந்துச்சு? கடைசி ஸ்டாப்புன்னாலும் ரோடு இருக்கும்ல?”

“இருக்கு. திங்கக்கிழமை போவோம்,” என்றேன். ஒன்பது வருஷத்தில் அந்த மாடியில் யாரும் சொல்லாத வார்த்தை.

இத்தனை நாளும் வகுப்பை ஆபீஸிலிருந்து மறைக்கிற தட்டிக்கு அந்தப் பக்கம் நாற்காலி போட்டு பொன்ராஜ் சார் உட்கார்ந்திருந்தார். மிளகு வாசனையே காட்டிக்கொடுத்தது. நோட்ஸை மூடினதற்குக் கூப்பிட்டுத் திட்டுவார் என்று காத்திருந்தேன். கூப்பிடவில்லை. சனிக்கிழமை டெஸ்ட் பேப்பர்களை அவரே திருத்தினார். திருத்தும்போது பாதிக் குரலில் சிரிக்கிற சத்தம் வெளியே கேட்டது. ஒருத்தர்கூட ஃபெயில் இல்லை. குருவம்மாள் கவாத்துக் கத்தியை வைத்து ஒரு பக்கம் எழுதியிருந்தாள். அதற்கு அவர் ஓரத்தில் ‘வெரி குட்’ போட்டிருந்தார். பழனிச்சாமி சார் அதை என்னிடம் கொண்டுவந்து காட்டிவிட்டு, “எனக்குத் தெரிஞ்சு அந்தாளு ‘குட்’டே போட்டதில்ல. உனக்குப் பேப்பர் கிடைச்சாச்சு, போ,” என்றார்.

திங்கட்கிழமை காலையில் பொன்ராஜ் சார் கூப்பிட்டார். குரல் முழுசாக வந்திருந்தது. மஃப்ளர் இல்லை.

“பிரமாதம் பூமாரி! உக்காரு. நான் எல்லாத்தையும் கேட்டேன். கவாத்து, அந்த நார்மன் விஷயம், லயத்துப் பேச்சு... அடடா! நான் எம்.ஏ. படிக்கும்போது இப்படி ஒருத்தன் சொல்லியிருந்தா நான் எங்கயோ போயிருப்பேன்.”

எனக்கு முகம் சூடானது. சந்தோஷத்தில்தான். “டெஸ்ட்டும் நல்லா வந்திருக்கு சார்.”

“நல்லாவா? வெளுத்துட்டாங்க. அதனால நீ என்ன பண்றே, எல்லாத்தையும் உக்காந்து எழுதிக் குடு. ஒண்ணு விடாம. நான் கொஞ்சம் நல்ல இங்கிலீஷ்ல மாத்தி நோட்ஸ்ல சேர்த்துக்கறேன். இன்னையிலேர்ந்து கிளாஸை நானே பாத்துக்கறேன்.”

“பேப்பர் எனக்குன்னு சொன்னீக சார்.”

“அது தொண்டை சொன்னது,” என்று சிரித்தார். நான் சிரிக்காததைப் பார்த்து, மேஜைமேல் சாய்ந்து, நிஜமான அக்கறையோடு சொன்னார்: “இதைப் புரிஞ்சுக்கோ. எஸ்டேட் ஸ்டாஃப் பிள்ளைகளும் இங்க படிக்குது. அவங்க அப்பன்மார் காதுல விழுந்தா என்ன நினைப்பாங்க? லயத்துப் பிள்ளை லயத்துக் கதை சொன்னா அது கதை. அதையே ஒரு எம்.ஏ. சொன்னா அது இலக்கிய விமர்சனம்.”

“குதிரைத் துரை கொடையில ஆடினதை யாரு சொல்லுவா சார்?”

“நான்தான். எங்க அப்பா ஆபீஸ்லதானே இருந்தாரு? நான் சின்னதுல பார்த்த மாதிரி சொல்லிக்கறேன்.”

அந்த இடத்தில் எனக்கு முடிவாகிவிட்டது. அம்மா கொழுந்துக் கூடையோடு நின்று பார்த்ததை இவர் ஆபீஸ் வராந்தாவிலிருந்து பார்த்ததாகச் சொல்லப்போகிறார், செமிகோலனோடு. அதற்கப்புறம் நான் அங்கே உட்கார்ந்திருந்தது மரியாதைக்குத்தான்.

“இருபதாம் நூற்றாண்டு?” என்று மட்டும் கேட்டேன்.

“அதுல கேள்வி வராதும்மா. விக்டோரியாவோட நிறுத்திக்குவோம். நீ கிராமர் பாரு. கிராமர்ல உனக்கு நல்ல கை.”

எழுந்தேன். “கிராமருக்கு ஆள் பாத்துக்கங்க சார்.”

“ஏய், ஏய், பூமாரி! கோவத்துல பேசாதே. எங்க போவே?”

“தோட்டத் தொழிலாளி யூனியன் ஆபீஸ் ஹாலு பகல்ல சும்மாத்தான் கிடக்கு. கேட்டா சாவி குடுப்பாக. குடுக்கலைன்னா வராந்தாவுல எடுப்பேன்.”

“போர்டுல என்னன்னு போடுவே? பி.ஏ.ன்னா?”

“போர்டு எதுக்கு சார்? என் சத்தமும் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் விழும்.”

பழனிச்சாமி சார் கதவோரம் நின்றிருந்தார். எல்லாம் கேட்டுவிட்டார் என்பது முகத்திலேயே தெரிந்தது. “நான் உன்னைக் கேக்காதேன்னு சொன்னேனா இல்லையா?” என்று கிசுகிசுத்தார். பிறகு இன்னும் குரலைத் தாழ்த்தி, “அங்க எகனாமிக்ஸுக்கு ஆள் வேணும்னா சொல்லு,” என்றார்.

படியில் குருவம்மாளும் பெரியமுத்துவும் நனைந்த குடைகளை உதறிக்கொண்டு மேலே வந்துகொண்டிருந்தார்கள். என் கையில் குடையும் பையும் இருப்பதைப் பார்த்து பெரியமுத்து நின்றான்.

“என்ன டீச்சர், கீழ போறீக? இன்னைக்கு விக்டோரியாவுக்கு அப்புறம்னு சொன்னீகளே. கிளாஸ் இல்லையா?”

“இருக்கு. இங்க இல்ல.”

அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். நான் நிற்கவில்லை. வருவதும் வராததும் அவர்கள் இஷ்டம். ஃபீஸ் கட்டியவர்கள், யோசிக்கத்தான் வேண்டும். குடையை விரித்து, கிளம்புகிற பஸ்ஸுக்கு முன்னால் ரோட்டைக் கடந்தேன். கண்டக்டர் ஏதோ கத்தினார். இருபதாம் நூற்றாண்டை எங்கே ஆரம்பிப்பது, முதல் உலகச் சண்டையிலா அதற்கு முன்னாலா என்று யோசித்துக்கொண்டே யூனியன் ஆபீஸ் பக்கம் நடந்தேன்.